தடுமாறும் கால்பந்து அணி வீரர்களை எடைபோடுவதும் வளர்த்தெடுப்பதும் எப்படி: முழுமையான வழிகாட்டி

தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கும் தொழில்முறைக் கால்பந்து அணிகளில் பெரும்பாலானவற்றுக்கு, தம்மிடம் இருக்கும் வீரர்களைப் பற்றியும் வாங்கப்போகும் வீரர்களைப் பற்றியும் சரியான கணக்கு இருப்பதில்லை. தோல்வி பதற்றத்தைக் கொண்டுவருகிறது. அந்தப் பதற்றத்தில் நிர்வாகம் பயிற்சியாளரை மாற்றுகிறது, முப்பது வயதைத் தாண்டிய பெயர்பெற்ற வீரர் ஒருவரை ஜனவரி மாத வீரர் மாற்றுச் சந்தையில் நீண்ட ஒப்பந்தத்தில் எடுக்கிறது, பத்தொன்பது வயது இளைஞனை மறுபடியும் பெஞ்சில் உட்காரவைக்கிறது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று சில முகவர்கள் காத்திருக்கும் நேரமும் அதுதான்.

இந்த வழிகாட்டி இங்கிலாந்தின் லீக் அமைப்பை வைத்து எழுதப்படுகிறது. மேற்கு லண்டனைச் சேர்ந்த பிரென்ட்ஃபோர்டு கழகம் இதன் முதன்மை உதாரணம். 2012-இல், அக்கழகத்தின் நெடுநாள் ரசிகரும் பந்தயம் கட்டுவதற்கான புள்ளியியல் ஆய்வைத் தொழிலாகக் கொண்டவருமான மேத்யூ பென்ஹம் அதன் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியபோது அது மூன்றாம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்தது. 2021-இல் அது முதல் அடுக்கான பிரீமியர் லீக்குக்கு ஏறியது. 1947-க்குப் பிறகு முதல் அடுக்கில் அது ஆடுவது அப்போதுதான். எதிரணிகளைவிடக் குறைந்த சம்பளப் பட்டியலை வைத்துக்கொண்டு இதைச் சாதித்ததால், பணம் குறைவாக உள்ள அணிகள் படிக்க வேண்டிய பாடம் அங்கே நிறைய இருக்கிறது. லெஸ்டர் சிட்டி, சண்டர்லேண்ட் கழகங்களும் தேவைப்படும் இடங்களில் வந்துபோகும்.

முதல் படி: புள்ளிப்பட்டியலை நம்புவதற்கு முன் ஆட்டத்தை எடைபோடுங்கள்

கால்பந்தில் கோல் அரிய நிகழ்வு. முதல்தர லீக்குகளில் ஏறத்தாழ பத்து ஷாட்டுக்கு ஒன்றுதான் வலைக்குள் போகிறது. ஆகவே கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு பந்தும், தவறாகக் கொடுக்கப்பட்ட ஒரு பெனால்டியும் பத்துப் பதினைந்து ஆட்டங்களின் முடிவுகளைத் தாறுமாறாக மாற்றிவிடும். இதனால்தான் ஒவ்வொரு ஷாட்டும் எந்த இடத்திலிருந்து, எந்தக் கோணத்தில், காலாலா தலையாலா, எவ்வளவு நெருக்கடியில் அடிக்கப்பட்டது என்பதைப் பார்த்து, அது கோலாவதற்கான வாய்ப்பைப் பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட எண்ணாகக் கணக்கிடும் முறை வந்தது. பெனால்டிக்கு இந்த மதிப்பு ஏறத்தாழ 0.76 முதல் 0.79 வரை. ஓர் ஆட்டத்தில் அணி உருவாக்கிய வாய்ப்புகளின் மதிப்பைக் கூட்டினால் அதன் ‘எதிர்பார்ப்பு கோல்’ எண்ணிக்கை கிடைக்கும். எதிரணிக்கு விட்டுக்கொடுத்ததையும் அவ்வாறே கூட்டிக் கழித்துப் பார்த்தால், அணி தோற்றது ஆட்டத்தாலா அதிர்ஷ்டத்தாலா என்பது ஓரளவு தெளிவாகும்.

தாமஸ் ஃபிராங்க் 2018 அக்டோபரில் பிரென்ட்ஃபோர்டின் தலைமைப் பயிற்சியாளரானபோது முதல் பத்து ஆட்டங்களில் எட்டில் தோற்றார். வேறு கழகமாக இருந்தால் அவர் கிறிஸ்துமஸைப் பார்த்திருக்க மாட்டார். நிர்வாகம் வாய்ப்புகளின் கணக்கைப் பார்த்து அவரை வைத்துக்கொண்டது. அவர் 2025 வரை அங்கே இருந்தார். இதைப் பொறுமையின் மகிமை என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2015-இல் இதே கழகம் மாரினஸ் டைக்ஹைசன் என்ற பயிற்சியாளரை ஒன்பது ஆட்டங்களிலேயே அனுப்பியிருக்கிறது. வைத்துக்கொள்வதோ அனுப்புவதோ, முடிவு புள்ளிப்பட்டியலின் சத்தத்திலிருந்து வரக்கூடாது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. கடைசி ஒரு முழு சீசனின் ஆட்டங்களை எடுத்து, பெனால்டிகளைத் தனியாக ஒதுக்கிவிட்டு, பத்துப் பத்து ஆட்டங்களாக வாய்ப்புகளின் வரவையும் செலவையும் கோடாக வரையுங்கள். கோடு மேலே போய்க்கொண்டிருக்க முடிவுகள் மட்டும் மோசமாக இருந்தால், அணியைக் கலைக்காதீர்கள். கோடும் கீழே போனால் அடுத்த படிகள் அவசரமானவை.

இரண்டாம் படி: கையிருப்பைத் தணிக்கை செய்யுங்கள்

ஒவ்வொரு வீரருக்கும் ஒரே ஒரு தாள் போதும். வயது, ஒப்பந்தத்தில் மீதமுள்ள மாதங்கள், வாரச் சம்பளம், கடந்த இரண்டு சீசன்களில் ஆடிய நிமிடங்கள், காயத்தால் இழந்த நாட்கள், எந்த இடத்தில் எந்த வேலையைச் செய்கிறார், ஈராண்டு கழித்து அவர் எங்கே இருப்பார் என்று பயிற்சியாளர் குழு நினைக்கிறது ஆகியவை அதில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்விக்கான விடையைப் பயிற்சியாளர்கள் ஒவ்வொருவரும் மற்றவர் எழுதியதைப் பார்க்காமல் எழுத வேண்டும். தலைமைப் பயிற்சியாளர் முதலில் வாய் திறந்துவிட்டால் அறையில் உள்ள மற்ற ஐந்து பேரின் கருத்தும் அவர் கருத்தாகவே மாறிவிடும்.

தாள்களை வயதுப்படி வரிசையாக மேசையில் பரப்பினால், தடுமாறும் அணிகளின் நோய் பல நேரங்களில் அங்கேயே தெரிந்துவிடும். நிமிடங்களில் பெரும்பகுதி முப்பதைத் தாண்டியவர்களிடம் குவிந்திருக்கும். சம்பளத்தில் பெரும்பகுதி ஆடாதவர்களிடம் போய்க்கொண்டிருக்கும். விற்றால் பணம் வரக்கூடிய இருபத்து மூன்று வயது வீரரின் ஒப்பந்தமோ அடுத்த ஜூனில் முடிந்துவிடும். சண்டர்லேண்ட் 2017-இலும் 2018-இலும் அடுத்தடுத்துத் தரமிறங்கி மூன்றாம் அடுக்கில் நான்கு சீசன்கள் சிக்கிக்கிடந்தது. 2021-இல் கிரில் லூயி-டிரேஃபஸ் கழகத் தலைவராகப் பொறுப்பேற்ற பின்னர் அணியின் வயதைக் குறைப்பதைக் கொள்கையாகவே வைத்துக்கொண்டார்கள். 2025 மே மாதம் அந்த அணி பிரீமியர் லீக்குக்குத் திரும்பியபோது, பதின்ம வயதைத் தாண்டாத வீரர்கள் சிலரும் அதில் முக்கியமானவர்களாக இருந்தார்கள்.

மூன்றாம் படி: ஆட்டமுறையை முடிவுசெய்து, ஒவ்வோர் இடத்துக்கும் வேலையை எழுதுங்கள்

‘நல்ல வலது பின்கள வீரர் வேண்டும்’ என்பது தேவையின் விவரம் ஆகாது. உங்கள் அணி பந்தை இழந்த உடனே முன்னேறி நெருக்குகிறதா, பின்வாங்கி அணிவகுக்கிறதா? பக்கவாட்டில் ஏறிப்போவது வலது பின்கள வீரரா, அவருக்கு முன்னால் ஆடுபவரா? எதிரணியின் எறிபந்தையும் கார்னரையும் தடுக்கும்போது அவர் எங்கே நிற்பார்? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகுதான் வேகம், உயரம், குறுக்காகப் பந்தனுப்பும் திறன் ஆகியவற்றில் எது கட்டாயம், எது இருந்தால் நல்லது, எதைப் பயிற்சியில் கற்றுக்கொடுக்கலாம் என்று பிரிக்க முடியும். இந்த மூன்றாவது வகையைத் தனியாக எழுதிவைக்கும் பழக்கம் பல கழகங்களில் இல்லை. கற்றுக்கொடுக்க முடிகிற ஒரு குறைக்காக ஒரு வீரரை நிராகரிப்பதும், கற்றுக்கொடுக்கவே முடியாத குறையோடு இன்னொருவரை வாங்குவதும் அதனால்தான் நடக்கின்றன.

பணமில்லாத அணி கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃப்ரீகிக், கார்னர், நீண்ட எறிபந்து போன்ற நின்ற பந்துகளிலிருந்து கணிசமான கோல்கள் விழுகின்றன. ஆனாலும் சந்தையில் அந்தத் திறமைக்கு நீண்டகாலம் விலை குறைவாகவே இருந்தது. பென்ஹம் 2014-இல் பொறுப்பேற்ற டென்மார்க்கின் மிட்யூலன் கழகம் நின்ற பந்துகளைத் தனிப் பாடமாகவே நடத்தி, 2014-15 சீசனில் முதன்முறையாக அந்நாட்டு லீக்கை வென்றது. வேலை விவரத்தில் இதற்கும் ஒரு பத்தி இருக்கட்டும்.

நான்காம் படி: தரவைக் கொண்டு வடிகட்டுங்கள், ஆனால் அடியில் தங்கியதைக் கையால் எடுத்துப் பாருங்கள்

உலகெங்கும் ஆடும் ஆயிரக்கணக்கான வீரர்களை நேரில் பார்க்க எந்தக் கழகத்தாலும் முடியாது. தரவு பட்டியலைச் சுருக்கித் தரும். ஆளைத் தேர்ந்தெடுத்துத் தராது. சுருக்கும்போது செய்யப்படும் தவறுகளைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம்.

முன்கள வீரர்கள் இருவர். முதலாமவர் 3,000 நிமிடங்களில் 15 கோல்கள் அடித்திருக்கிறார். அவற்றில் 6 பெனால்டிகள். இரண்டாமவர் 1,500 நிமிடங்களில் பெனால்டி எதுவும் இல்லாமல் 6 கோல்கள் அடித்திருக்கிறார். செய்தித்தாள் படிப்பவருக்கு முதலாமவர்தான் உயர்ந்தவர். பெனால்டிகளைக் கழித்து 90 நிமிடங்களுக்கு எவ்வளவு என்று பார்த்தால், முதலாமவருக்கு 0.27, இரண்டாமவருக்கு 0.36, தராசு சாய்ந்துவிட்டது. இன்னும் ஒரு படி உள்ளே போய், அவர்களுக்குக் கிடைத்த வாய்ப்புகளின் மதிப்பைப் பாருங்கள். பெனால்டி நீங்கலாக முதலாமவருக்கு 10.5, இரண்டாமவருக்கு 3.5 என்று வைத்துக்கொண்டால், 90 நிமிடக் கணக்கில் அவை 0.32 என்றும் 0.21 என்றும் ஆகின்றன. அதாவது இரண்டாமவர் தமக்குக் கிடைத்த சொற்ப வாய்ப்புகளில் வழக்கத்தைவிட அதிகமாகக் கோலடித்திருக்கிறார். அடுத்த ஆண்டும் அது தொடரும் என்று பந்தயம் கட்டுவது ஆபத்து. முதலாமவரோ கோலடிக்கத் தக்க இடத்துக்கு மறுபடி மறுபடி போய்ச் சேர்கிறார். அந்தப் பழக்கம்தான் ஆண்டுக்கு ஆண்டு நிலைத்து நிற்கும். இதோடும் முடியவில்லை. இரண்டாமவர் பெரும்பாலும் கடைசி அரைமணி நேரத்தில் களைத்துப்போன பின்களத்துக்கு எதிராக இறக்கப்பட்டவரா, எந்த லீக்கில் ஆடினார், அவருடைய அணி பந்தை எவ்வளவு நேரம் வைத்திருந்தது என்பவற்றையும் சேர்த்துக்கொண்ட பிறகே எண்ணுக்குப் பொருள் வரும்.

தரவு யாரைச் சுட்டிக்காட்ட வேண்டும் என்பதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. எல்லோருக்கும் பிடித்த வீரரைத் தடுமாறும் அணியால் வாங்க முடியாது. சந்தை எங்கே தவறாக எடைபோட்டிருக்கிறதோ அங்கேதான் தேட வேண்டும்: கீழ் அடுக்கில் ஆடுவதாலேயே ஒதுக்கப்பட்டவர்கள், பெரிய கழகத்தில் இடம் கிடைக்காமல் ஊர் ஊராக லோனில், அதாவது தற்காலிக இரவலாக, அனுப்பப்பட்டவர்கள், உயரம் போதாது என்று தள்ளப்பட்டவர்கள், சிறிய லீக்குகளில் இருப்பவர்கள். நியூகாசில் அணியில் வாய்ப்பில்லாமல் பார்ன்ஸ்லி, ஷ்ரூஸ்பரி, ஸ்கன்தார்ப், விகன் என்று லோனில் சுற்றிய ஐவன் டோனி, பீட்டர்பரோவுக்குப் போய் மூன்றாம் அடுக்கில் கோல்களைக் குவித்தார். 2020-இல் அவரை வாங்கிய பிரென்ட்ஃபோர்டுக்காக 2020-21 சீசனிலேயே லீக் ஆட்டங்களில் 31 கோல்கள் அடித்தார். அது அப்போது இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பின் சாதனை. எங்கோலோ கான்டேயை லெஸ்டர் 2015-இல் பிரான்ஸின் கான் கழகத்திலிருந்து எடுத்தபோது, பந்தைத் திரும்பக் கைப்பற்றுவதில் அவருடைய எண்கள் எல்லோருக்கும் திறந்துதான் கிடந்தன. அவருடைய உயரத்தைப் பார்த்துத் தயங்கியவர்கள் தயங்கினார்கள்.

ஐந்தாம் படி: நேரில் பாருங்கள், தனித்தனியாக எழுதுங்கள்

தரவு சுருக்கிய பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் குறைந்தது மூன்று ஸ்கவுட்டுகள் (கழகத்துக்காக வீரர்களைத் தேடிப் பார்ப்பவர்கள்), வெவ்வேறு வகை ஆட்டங்களில் பார்க்க வேண்டும்: சொந்த மைதானத்தில் ஒன்று, வெளியூரில் ஒன்று, அவருடைய அணி தோற்றுக்கொண்டிருக்கும்போது ஒன்று. கடைசியாகச் சொன்னதைத் தவறவிடாதீர்கள். தோற்கும் அணிக்கு வரப்போகிற வீரர், இரண்டு கோல் பின்தங்கிய எழுபதாவது நிமிடத்தில் என்ன செய்கிறார் என்பது வெற்றி ஆட்டத்தில் தெரியாது.

பார்க்கும் முறையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் ஒரு வீரரின் காலில் பந்து இருப்பது சில நிமிடங்களே. ஸ்கவுட் முதல் பதினைந்து நிமிடங்களுக்குப் பந்தையே பார்க்காமல் அந்த வீரரை மட்டும் பார்க்க வேண்டும். பந்து தன்னிடம் வருவதற்கு முன் எத்தனை முறை தலையைத் திருப்பிச் சுற்றும் பார்க்கிறார்? உடல் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது? பந்தை இழந்த அடுத்த நொடியில் ஓடுகிறாரா, கையை விரித்து நடுவரைப் பார்க்கிறாரா? மாற்று வீரராக வெளியேற்றப்பட்டால் யாரோடு கைகுலுக்குகிறார், எங்கே உட்காருகிறார்?

அறிக்கையில் ‘நல்ல தொழில்நுட்பம், கடும் உழைப்பாளி’ போன்ற வரிகள் வந்தால் திருப்பி அனுப்புங்கள். ‘இடது காலில் பந்தைப் பெற்றபோதெல்லாம் பின்னோக்கியே கொடுத்தார், வலது காலுக்கு வந்தால் மட்டும் எதிரணியின் வரிசைகளுக்கு இடையே முன்னோக்கிக் கொடுக்கிறார், இதைப் பயிற்சியில் திருத்தலாம் என்று கருதுகிறேன்’ என்பதுதான் பயன்படும் வரி. முடிவில் வாங்கலாம் அல்லது வேண்டாம் என்ற தீர்ப்பும், அந்தத் தீர்ப்பில் தமக்கு எவ்வளவு உறுதி என்பதும் இருக்க வேண்டும். மூன்று அறிக்கைகளும் கைக்கு வந்த பிறகே ஸ்கவுட்டுகள் ஒருவரோடு ஒருவர் பேசலாம்.

இவ்வளவு ஒழுங்குக்கு நடுவிலும் கண்ணுக்குச் சுதந்திரம் கொடுங்கள். லெஸ்டரின் வீரர் தேர்வுப் பொறுப்பாளர் ஸ்டீவ் வால்ஷ், பிரான்ஸின் லெ ஆவ்ர் கழகத்துக்குப் போனது ரயன் மெண்டஸ் என்ற வேறொரு வீரரைப் பார்க்கத்தான். அவர் கண்ணில் பட்டவர் ரியாத் மஹ்ரெஸ். 2014 ஜனவரியில் ஏறத்தாழ நான்கு லட்சம் பவுண்டுக்கு அவரை எடுத்தார்கள். 2014-15 சீசனில் 140 நாட்கள் கடைசி இடத்தில் கிடந்து, கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று தப்பித்த அந்த அணி, அடுத்த சீசனில் பிரீமியர் லீக்கையே வென்றது.

குணத்தை விசாரிப்பது தனி வேலை. பழைய பயிற்சியாளர்களிடமும் உடற்பயிற்சியாளர்களிடமும் உடைப் பொறுப்பாளர்களிடமும் கேளுங்கள். வீரரின் முகவரிடம் கேட்பது வீண். பெரிய மனிதர்களிடம் எல்லோரும் மரியாதையாகத்தான் இருப்பார்கள்; உடைப் பொறுப்பாளரிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் குணம் தெரியும்.

ஆறாம் படி: இளைஞர்களை எடைபோடும்போது வளர்ச்சியைத் திறமை என்று எண்ணிவிடாதீர்கள்

பணமில்லாத கழகத்துக்கு இளைஞர் பிரிவே நாற்றங்கால். அங்கே நடக்கும் மிகப் பெரிய தவறு, சீக்கிரம் வளர்ந்த பையனைத் திறமைசாலி என்றும் தாமதமாக வளர்பவனைத் திறமையற்றவன் என்றும் முடிவுகட்டுவது.

அகாடமிகள் எனப்படும் இங்கிலாந்துக் கழகங்களின் இளைஞர் பயிற்சிப் பிரிவுகளில் வயதுப் பிரிவு செப்டம்பர் 1-இல் தொடங்குகிறது. செப்டம்பர் 5-இல் பிறந்த பையனும் அடுத்த ஆகஸ்ட் 20-இல் பிறந்த பையனும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள். ஒன்பது வயதில் பதினொரு மாதம் என்பது சிறு இடைவெளி அல்ல. செப்டம்பர்ப் பையன் ஓட்டத்தில் முந்துகிறான், அணியில் இடம் பெறுகிறான், அதிகப் பயிற்சி பெறுகிறான், அதனாலேயே மேலும் முந்துகிறான். அகாடமிகளில் வயதுப் பிரிவு ஆண்டின் முதல் காலாண்டில் பிறந்தவர்கள் கூடுதலாகவும் கடைசிக் காலாண்டில் பிறந்தவர்கள் குறைவாகவும் இருப்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. இதன்மேல் பருவ வளர்ச்சியின் வேறுபாடும் சேர்கிறது. பையன்கள் மிக வேகமாக உயரும் காலம் சராசரியாகப் பதினான்கு வயதை ஒட்டி வரும். ஆனால் ஒருவனுக்குப் பன்னிரண்டில் வரும், இன்னொருவனுக்குப் பதினாறில் வரும்.

ஆகவே ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் ஒருமுறை உயரத்தையும் எடையையும் அளந்து வையுங்கள். பெற்றோரின் உயரத்தையும் சேர்த்துக்கொண்டு, பையன் இறுதியில் எட்டக்கூடிய உயரத்தை மதிப்பிடும் காமிஸ்-ரோச் முறைக்கு எக்ஸ்ரே தேவையில்லை. எந்தச் சிறிய கழகமும் செய்துகொள்ளலாம். இறுதி உயரத்தில் எத்தனை சதவீதத்தை எட்டியிருக்கிறான் என்பதை வைத்து, பிறந்த ஆண்டைப் பார்க்காமல், ஒரே வளர்ச்சி நிலையில் உள்ளவர்களைச் சேர்த்து அவ்வப்போது ஆடவிடுங்கள். உடல்பலத்தாலேயே ஜெயித்துவந்த பையன் அங்கே முதன்முறையாக யோசித்து ஆட வேண்டிவரும். ஒதுங்கியே நின்ற சின்னப் பையன் முதன்முறையாக ஆட்டத்தை நடத்துவான். இருவரைப் பற்றியும் புதிய செய்தி கிடைக்கும். உயரம் வேகமாகக் கூடும் மாதங்களில் முழங்காலிலும் குதிகாலிலும் வலி வருவது சகஜம். அந்த மாதங்களில் சுமையைக் குறைக்க வேண்டும், ஓடும் ஒயில் குலைந்துபோனதை வைத்து அவனைக் கழித்துவிடவும் கூடாது.

பின்னாளில் இங்கிலாந்துக்கு ஆடிய ஹாரி கேனை ஆர்சனல் எட்டு ஒன்பது வயதில் விடுவித்தது. அவ்வாறே இங்கிலாந்துக்கு ஆடிய ஜேமி வார்டியை ஷெஃபீல்டு வெட்னஸ்டே பதினாறு வயதில் விடுவித்தது. விடுவிப்பவர் எல்லோரும் தவறிழைத்தவர் என்று இதற்குப் பொருளல்ல; ஆனால் ஒரு பெரிய கழகத்தின் வாசலில் விடுவிக்கப்பட்டு நிற்கும் பதினாறு, பதினெட்டு வயதுக்காரர்களின் வரிசையில் நிச்சயம் சரக்கு இருக்கிறது என்பது தெரிகிறது. பிரென்ட்ஃபோர்டு அந்த வரிசையை நோக்கியே போனது.

ஏழாம் படி: ஒவ்வொருவருக்கும் தனி வளர்ச்சித் திட்டம்

திட்டத்தில் ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேற்பட்ட குறிக்கோள்கள் வேண்டாம். ‘தற்காப்பை மேம்படுத்துதல்’ என்பது குறிக்கோள் ஆகாது. ‘பின் கம்பத்துக்கு வரும் கிராஸ்களில் ஆளையும் பந்தையும் ஒருசேரப் பார்க்கும்படி உடலைத் திருப்பி நிற்றல்’ என்பது குறிக்கோள். அதை எந்தப் பயிற்சியால் பழகுவது, வாரத்தில் எத்தனை முறை, யார் பொறுப்பு, ஆட்டக் காணொளியில் எதைப் பார்த்தால் முன்னேற்றம் தெரியும் என்பவற்றை வீரரோடு உட்கார்ந்து எழுத வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை அவருடைய சொந்தக் காணொளித் துண்டுகளைப் போட்டுக்காட்டி, பயிற்சியாளர் பேசுவதற்கு முன் வீரரைப் பேசவிடுங்கள். தம் குறையைத் தாமே பெயர் சொல்லிச் சுட்டத் தெரிந்த வீரர்தான் வேகமாக வளர்கிறார்.

இதில் மிகவும் கவனிக்க வேண்டியது இடமாற்றம். ஆலி வாட்கின்ஸை பிரென்ட்ஃபோர்டு 2017-இல் நான்காம் அடுக்கின் எக்ஸெட்டர் சிட்டியிலிருந்து வாங்கியது. இரண்டு சீசன்கள் அவர் பெரும்பாலும் பக்கவாட்டில் ஆடினார். நடுவில் கோலடித்துக்கொண்டிருந்த நீல் மோபே 2019-இல் பிரைட்டனுக்கு விற்கப்பட்டதும், வெளியிலிருந்து பெரிய பெயரைத் தேடாமல் வாட்கின்ஸை நடு முன்களத்துக்குக் கொண்டுவந்தார்கள். தலையால் அடிப்பது, முதல் தொடுதலிலேயே ஷாட் அடிப்பது, மையப் பின்கள வீரரின் முதுகுப் பக்கம் நின்று சட்டென்று முன்னே பாய்வது என்று புதிய வேலைக்குரியவை அவருக்குப் பழக்கப்பட்டன. 2019-20 சாம்பியன்ஷிப்பில் அவர் 25 கோல்கள் அடித்தார். 2020-இல் ஆஸ்டன் வில்லாவுக்கு 2.8 கோடி பவுண்டுக்கும் குறையாமல் போனார். அவருக்காக பிரென்ட்ஃபோர்டு கொடுத்திருந்தது ஏறத்தாழ 18 லட்சம் பவுண்டு. எக்ஸெட்டரும் அவரை விற்றபோதே மறுவிற்பனையில் தனக்கொரு பங்கை எழுதி வாங்கியிருந்ததால் அதற்கும் பணம் வந்தது. ரசிகர்களே உரிமையாளர்களாக உள்ள அந்தச் சிறிய கழகத்தின் புத்திசாலித்தனத்தை இந்தக் கதையில் பலர் விட்டுவிடுகிறார்கள்.

வளர்ச்சி நேர்கோட்டில் போகாது என்பதையும் திட்டத்தில் எழுதிவையுங்கள். வார்டியை லெஸ்டர் 2012-இல் ஐந்தாம் அடுக்கின் ஃப்ளீட்வுட் கழகத்திலிருந்து பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. முதல் சீசன் மோசமாகப் போய், ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று அவர் யோசிக்கும் அளவுக்கு ஆனது. கழகம் விடவில்லை.

எட்டாம் படி: நிமிடங்களுக்கு வழி செய்யுங்கள்

ஆட்ட நிமிடம் இல்லாத வளர்ச்சித் திட்டம் காகிதத்தோடு நின்றுவிடும். பிரென்ட்ஃபோர்டு 2016-இல் தன் அகாடமியையே மூடியது. அன்று அதற்குக் கடும் கண்டனம் எழுந்தது. 2012-இல் வந்த புதிய அகாடமி விதிகளின்படி, பெரிய கழகங்கள் நிர்ணயிக்கப்பட்ட குறைந்த இழப்பீட்டைக் கொடுத்துவிட்டுச் சிறிய கழகத்தின் சிறந்த பையன்களைக் கூட்டிப்போய்விட முடிந்தது. பிரென்ட்ஃபோர்டும் நம்பிக்கையூட்டிய இருவரை மான்செஸ்டரின் இரு கழகங்களுக்கும் இழந்திருந்தது. அகாடமிக்குப் பதிலாக பதினேழு முதல் இருபது இருபத்தொரு வயது வரையிலானவர்களைக் கொண்ட பி அணி ஒன்றை அமைத்தார்கள். லீக் சட்டகத்துக்குள் மாட்டாமல், பெரிய கழகங்களின் இளைஞர் அணிகளோடும் ஐரோப்பிய அணிகளோடும் ஆட்டங்களைத் தாங்களே ஏற்பாடு செய்துகொண்டார்கள். பி அணியின் ஆட்டமுறையும் முதல் அணியின் ஆட்டமுறையும் ஒன்றுதான். ஒருவரை மேலே அழைத்தால் அவருக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்காது.

செல்சி அகாடமியில் பதினான்கு வயதில் விடுவிக்கப்பட்ட கிறிஸ் மெஃபம் அந்த பி அணி வழியாக முதல் அணிக்கு வந்து, 2019 ஜனவரியில் 1.2 கோடி பவுண்டுக்கு போர்ன்மத்துக்குப் போனார். வெஸ்ட் பிராம்விச்சிலிருந்து வந்த ஃபின்லாந்துக்காரர் மார்கஸ் ஃபோர்ஸும் பி அணியில் வளர்ந்தவர். 2021 மே மாதம், மேல் அடுக்குக்கு ஏறும் அணியை முடிவுசெய்யும் பிளேஆஃப் அரையிறுதியில், முதல் ஆட்டத்தில் 1-0 என்று பின்தங்கியிருந்த பிரென்ட்ஃபோர்டு இரண்டாவது ஆட்டத்தில் போர்ன்மத்தை 3-1 என்று வென்றபோது, மூன்றாவது கோலை அடித்தவர் அவர்தான். ஆனால் எல்லோரும் அகாடமியை மூட வேண்டும் என்று இதைப் படிக்கக் கூடாது. பல பெரிய கழகங்கள் சூழ்ந்த லண்டனின் நிலவரத்துக்கு அது சரியாக இருந்தது. போட்டிக் கழகம் அருகில் குறைவாக உள்ள ஊரில் அகாடமியே பெருஞ்செல்வம். சவுத்தாம்ப்டன் காரெத் பேலையும் தியோ வால்காட்டையும் லூக் ஷாவையும் அப்படித்தான் எடுத்தது. பிரென்ட்ஃபோர்டும் 2022-இல் அகாடமியை மீண்டும் தொடங்கிவிட்டது.

லோனில் அனுப்பினால், வீரரை எந்த இடத்தில் ஆடவைப்பார்கள், அந்த அணியின் ஆட்டமுறை நம்முடையதோடு ஒத்துப்போகிறதா என்பதை முன்பே பேசி முடியுங்கள். நீண்ட பந்தையே நம்பும் அணிக்குக் குறும்பாஸ் ஆடும் நடுக்கள வீரரை அனுப்புவது ஓர் ஆண்டை வீணாக்கும். கழகத்தின் சார்பில் ஒருவர் லோன் வீரர்களை மட்டுமே கவனித்து, அவர்களின் ஆட்டங்களை நேரில் பார்த்து, வாராவாரம் பேச வேண்டும்.

முதல் அணியிலும் நிமிடங்களை ஒதுக்கித்தான் கொடுக்க வேண்டும், தானாக அமையாது. ஒரே இடத்துக்கு இளைஞர் ஒருவர் தயாராகிக்கொண்டிருக்கும்போது அதே இடத்துக்கு ஓராண்டு லோனில் மூத்தவரைக் கொண்டுவருவது, தடுமாறும் அணிகள் அடிக்கடி செய்யும், யாரும் கணக்கில் எழுதாத நட்டம்.

ஒன்பதாம் படி: விற்பனையைத் திட்டத்தின் பகுதியாக்குங்கள்

ஒப்பந்தம் முடிந்த வீரர், பழைய கழகத்துக்குத் தொகை எதுவும் வராமலேயே வேறு கழகத்துக்குப் போகலாம் என்பது 1995-இன் போஸ்மன் தீர்ப்பு முதல் ஐரோப்பாவில் நடைமுறை. ஆகவே இரண்டாண்டுகள் மீதமிருக்கும்போதே, நீட்டிப்பதா விற்பதா என்ற முடிவை எடுத்துவிட வேண்டும். விற்பதற்கு முன்பே மாற்று வீரர் அணியில் இருக்க வேண்டும், குறைந்தபட்சம் பட்டியலில் முதல் மூன்று பெயர்களாவது தயாராக இருக்க வேண்டும். 2020 ஆகஸ்டில் ஃபுல்ஹமிடம் பிளேஆஃப் இறுதியில் தோற்ற பிரென்ட்ஃபோர்டு, அடுத்த சில மாதங்களில் வாட்கின்ஸ், சயீத் பென்ரஹ்மா என்ற தன் இரு பெரிய முன்கள வீரர்களையும் விட்டுவிட்டு, அதே சீசனில் மேலே ஏறியது. அவர்கள் போவார்கள் என்று முன்பே தெரிந்துவைத்திருந்ததால்தான் டோனி தயாராக இருந்தார்.

கணக்குப் புத்தகத்திலும் இதற்கு ஒரு காரணம் உண்டு. வாங்கிய வீரரின் விலை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பங்கிட்டு எழுதப்படும். சொந்தமாக வளர்த்த வீரருக்கு அப்படிப் பங்கிட எதுவும் இல்லாததால் விற்ற தொகை ஏறத்தாழ முழுவதும் லாபமாகப் பதிவாகும். கழகங்களின் செலவுக்கும் நட்டத்துக்கும் லீக் விதிகள் வரம்பு கட்டும் சூழலில் இது சிறிய விஷயம் அல்ல. அந்த லாபத்துக்காகவே ஆடத் தயாரான இளைஞரை அவசரமாக விற்றுவிடும் ஆசையும் இதே விதியால் வருகிறது என்பதை நிர்வாகக் குழுவில் யாராவது ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும்.

விற்ற பிறகும் வீரர் ஆடுவார். 2025 பிளேஆஃப் இறுதியில் சண்டர்லேண்டின் வெற்றிக் கோலைத் தொண்ணூறு நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்துக்கொடுத்த நிமிடங்களில் அடித்த டாமி வாட்சன், அதற்கு முன்பே பிரைட்டனுக்குப் போவதாக ஒப்புக்கொண்டிருந்த, சண்டர்லேண்டின் சொந்த அகாடமியில் வளர்ந்த வீரர்.

பத்தாம் படி: பழைய அறிக்கைகளைத் திறந்து பாருங்கள்

ஆண்டுக்கு ஒருமுறை, மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதிய அறிக்கைகளை எடுங்கள். வாங்கிய வீரர்களுடையவை மட்டும் போதாது. வேண்டாம் என்று சொன்னவர்களுடையவையும் வேண்டும், அவற்றில்தான் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது. எந்த ஸ்கவுட் உறுதியாகச் சொன்னது அடிக்கடி பலித்தது, யார் எப்போதும் உயரமானவர்களையே பரிந்துரைக்கிறார், எந்த லீக்கின் எண்களை நாம் மிகையாக மதித்தோம், கற்றுக்கொடுக்க முடியும் என்று நினைத்த குறைகளில் எவை உண்மையில் திருந்தின என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். அதை வைத்து மூன்றாம் படியில் எழுதிய வேலை விவரங்களையும் நான்காம் படியின் வடிகட்டிகளையும் திருத்துங்கள். பயிற்சியாளர் குழுவுக்கும் இதே கோப்பு முறையை வைத்துக்கொள்வது நல்லது: 2025 ஜூனில் ஃபிராங்க் டாட்டன்ஹமுக்குப் போனபோது, பிரென்ட்ஃபோர்டு அவருடைய இடத்துக்குத் தன் நின்ற பந்துப் பயிற்சியாளர் கீத் ஆண்ட்ரூஸையே நியமித்தது.